பூந்தமல்லி யூனிட்டைத் தேடி

இந்தியாவில் எல்லோருக்கும் மருத்துவம் என்ற திட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1946இல் தொடங்குவார்கள். அந்த ஆண்டில்தான் சர் ஜோசப் போர் தலைமையிலான குழு நான்கு தொகுதிகள் கொண்ட தன் அறிக்கையை டெல்லியில் கொடுத்தது. கையில் காசில்லை என்ற காரணத்தால் ஒருவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்பதை நாடு முழுவதற்குமான கொள்கையாக வைத்த முதல் பெரிய ஆவணம் அது. நான் தேடியது அதற்கு முந்தைய பத்தாண்டை. அறிக்கையின் நடுமையத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற எண்ணம், தாளில் ஏறுவதற்கு முன்னால் எங்கோ ஓரிடத்தில் நடத்திப் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அது எங்கே?

அந்தக் கேள்வியோடு பழைய அறிக்கைகளைப் புரட்டினால் ஓர் ஊர்ப்பட்டியல் கிடைக்கிறது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூர். டெல்லிக்கு வெளியே நஜஃப்கர். ஐக்கிய மாகாணத்தில் பர்த்தாப்கர், மைசூரில் ராமநகரம், திருவிதாங்கூரில் நெய்யாற்றின்கரை. சென்னை மாகாணத்தின் பங்குக்குப் பூந்தமல்லி. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு 1930களில் நடந்த சுகாதார யூனிட்டுகள் இவை. பூந்தமல்லியில் இன்று இயங்குகிற பொது சுகாதார நிறுவனத்தின் வேர் அந்த யூனிட்தான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று இந்த மேற்குப் புறநகரிலேயே பிழைப்பு நடத்துகிறவன் நான். நாடு முழுவதற்குமான ஒரு திட்டத்தின் ஒத்திகை இங்கே நடந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

யூனிட் என்றால் என்ன? மருத்துவமனை இல்லை. ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கும் அத்தனை வீடுகளுக்கும் பொறுப்பேற்கும் ஒரு குழு அது. ஒரு சுகாதார அதிகாரி, அவருக்குக் கீழே சுகாதார ஆய்வாளர்கள், வீடு வீடாகப் போகும் பெண் பார்வையாளர்கள், மருத்துவச்சிகள். நோயாளி வரும்வரை காத்திருக்காமல், பிறப்பு, இறப்பு, கர்ப்பம், அம்மை, காய்ச்சல் எல்லாவற்றையும் அவர்களே போய்க் கணக்கெடுப்பார்கள். மாகாணத்தின் மற்ற ஊர்களுக்குப் போகவிருக்கும் ஊழியர்கள் தொழில் பழகுவதும் இங்கேதான்.

அவர்கள் கையில் இருந்த கருவிகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்: துளைக் கழிப்பறை. சென்னை மாகாணத்தில் 1920களிலிருந்து ராக்ஃபெல்லர் ஆட்கள் கொக்கிப்புழுவை எதிர்த்து வேலை செய்துவந்தார்கள். ஜான் கென்ட்ரிக் அவர்களில் முக்கியமானவர். வெறுங்காலில் மண்ணை மிதிக்கிறவரின் தோல் வழியாகப் புழு உள்ளே போகிறது, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது, மலத்தோடு முட்டையாக வெளியேறி மீண்டும் மண்ணுக்கு வருகிறது. மாத்திரை கொடுத்தால் புழு சாகும். மறு மாதம் அதே வயல்வரப்பில் மறுபடியும் ஏறும். எனவே மலம் மேல்மண்ணில் விழாமல் செய்ய வேண்டும். கையால் திருகும் துளைக்கருவி ஒன்றை இரண்டு மூன்று பேர் சேர்ந்து சுற்றுவார்கள். 30 முதல் 40 செ.மீ. அகலம், ஏறக்குறைய 6 மீட்டர் ஆழம். மேலே நடுவில் துளையிட்ட ஒரு பலகை. ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு அது ஒரு வருடத்துக்கு மேல் தாங்கும். செலவு சொற்பம், தண்ணீர் தேவையில்லை, துப்புரவுக்கு இன்னொரு மனிதனைத் தேடவும் வேண்டாம். கடைசியாகச் சொன்னது அந்தக் காலத்துக்கு எத்தனை பெரிய விஷயம் என்பதை அந்த அறிக்கைகளை எழுதியவர்கள் போதுமான அளவு உணர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இந்தக் கதையைத் தேடுகிறவருக்கு முதலில் விளங்குவது ஒன்று: சென்னை மாகாணத்தில் உடல்நலம் ஒரே துறையாக இருந்ததில்லை. மருத்துவமனைகளும் மருந்தகங்களும் சர்ஜன் ஜெனரலின் கீழ். அம்மை, காலரா, குடிநீர், சாக்கடை, தடுப்பூசி எல்லாம் பொது சுகாதார இயக்குநரின் கீழ். இரண்டு பேருக்கும் தனித்தனி ஆண்டறிக்கை. ஒரே கிராமத்தில் காலராவால் செத்தவர்களின் எண்ணிக்கை ஓர் அறிக்கையிலும், பிழைத்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் எண்ணிக்கை இன்னொன்றிலும் இருக்கும். பூந்தமல்லி அன்று செங்கல்பட்டு மாவட்டம் என்பதால் அந்தத் தலைப்பின் கீழும் பார்க்க வேண்டும். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான்.

அரசாணைகளைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆணையின் உடலைவிட, அதன் தலையில் ‘படிக்கப்பட்டவை’ என்று வரிசையாகப் போட்டிருக்கும் முந்தைய கடிதங்களின் எண்களும் தேதிகளும்தான் துப்பறிகிறவனுக்கு முக்கியம். ஓர் ஆணையிலிருந்து அது பிறந்த கடிதத்துக்கு, அங்கிருந்து அதற்கும் முந்தைய ஆணைக்கு என்று பின்னோக்கி ஏறிக்கொண்டே போகலாம். அப்படி ஏறினால் சுகாதார யூனிட்டுக்கு முன்னால் சென்னையில் இரண்டு படிகள் தெரிகின்றன. முதல் படி 1922-23: ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு சுகாதார அதிகாரி. அந்த அமைப்பைக் கட்டியவர் அப்போதைய பொது சுகாதார இயக்குநர் ஏ.ஜே.எச். ரஸ்ஸல். இரண்டாம் படி 1924: பனகல் அரசரின் நீதிக்கட்சி ஆட்சி கொண்டுவந்த கிராம மருத்துவ உதவித்திட்டம். கிராமத்தில் போய்க் குடியேறும் மருத்துவருக்கு உள்ளாட்சி ஆண்டுதோறும் மானியம் கொடுக்கும். அவர் ஏழைகளுக்கு இலவசமாகப் பார்த்துவிட்டு, வசதியுள்ளவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். மருத்துவரை ஊருக்கு அனுப்ப அரசுப் பணத்தைப் பயன்படுத்தலாம் என்பதை இந்த மாகாணம் அப்போதே நடத்திக் காட்டிவிட்டது.

இந்தக் காகிதங்களில் இரண்டு ரஸ்ஸல்கள் வருவார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பால் ரஸ்ஸல் ராக்ஃபெல்லரின் மலேரியா நிபுணர். தஞ்சை மாவட்டத்தில் காசாங்காடு போன்ற ஊர்களில் வீட்டுக்குள் மருந்தடித்துக் கொசுவைக் கொல்லும் சோதனையை நடத்தியவர். நம் கதைக்கு வேண்டியவர் மற்றவர். ஏ.ஜே.எச். ரஸ்ஸல் பின்னர் டெல்லிக்குப் போய் இந்திய அரசின் பொது சுகாதார ஆணையரானார். அங்கே அவரோடு சேர்ந்து இந்தியாவின் மக்கள்தொகைப் பிரச்சினை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியவர் கே.சி.கே.இ. ராஜா. அதே ராஜாதான் 1943 அக்டோபரில் அமைந்த போர் குழுவுக்குச் செயலர்.

இந்த இழையைப் பிடித்தவுடன் குழுவின் உறுப்பினர் பட்டியல் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. தலைவர் ஜோசப் போர், சென்னை அரசின் செயலகத்தில் வேலை பார்த்து, 1914 முதல் 1919 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர். ஆ. இலட்சுமணசாமி முதலியார், அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். ஹில்டா லாசரஸ், விசாகப்பட்டினத்தில் பிறந்து சென்னையில் படித்தவர், பின்னாளில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய இயக்குநர். இன்னொரு பக்கம் ஜான் கிராண்ட்: சீனாவில் பிறந்த கனடியர், பெய்ஜிங்கில் 1925இல் முன்மாதிரிச் சுகாதார நிலையம் நடத்தியவர், 1939இல் கல்கத்தாவுக்கு வந்து அனைத்திந்தியப் பொதுச் சுகாதார நிறுவனத்தின் இயக்குநராகிச் சிங்கூரைக் கவனித்துக்கொண்டவர். யூனிட் என்பதை நடத்தியவர்களும் பக்கத்திலிருந்து பார்த்தவர்களும் அந்த மேசையில் இருந்தார்கள். பிரிட்டனில் 1942இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கைதான் நம் அறிக்கைக்கு மூலம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் பாதிதான் ஏற்கிறேன். துணிச்சல் அங்கிருந்து வந்திருக்கலாம். அடிப்படை அலகு இங்கிருந்தும், கல்கத்தாவிலிருந்தும், பெய்ஜிங்கிலிருந்தும், இலங்கையிலிருந்தும் வந்தது.

இலங்கையை இங்கே விட்டுவிட முடியாது. அந்தத் தீவின் முதல் சுகாதார யூனிட் 1926இல் களுத்துறையில் தொடங்கியது. அங்கும் உதவி ராக்ஃபெல்லர்தான். 1931இல் அங்கே ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1934-35இல் வந்த மலேரியா சுமார் 80,000 பேரைக் கொண்டுபோனது. வாக்கு கேட்டுக் கிராமத்துக்கு வந்தவர்களிடம் மக்கள் மருத்துவமனை கேட்டார்கள். யூனிட்டுகள் பெருகித் தீவு முழுவதும் பரவின. 1951இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணமும் நீங்கியது. நம் பக்கத்தில் யூனிட் பூந்தமல்லியில் பயிற்சிக்கூடமாக நின்றது. அண்டை நாட்டில் அதே அமைப்பு எப்படிப் பெருகியது என்பதைப் பார்க்கும்போது, நமக்கு இல்லாமல் போனது பணம் மட்டுமில்லை, கேட்கும் அதிகாரமும்தான் என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஆனாலும் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. 1937இல் வந்த ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரத்தைக் கவனித்தவர் மருத்துவர் தி.சே.சௌ. ராஜன். அவர் காலத்தில் நிறைவேறிய 1939ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம், சென்னைப் பொது சுகாதாரச் சட்டம், இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் அறிவிப்பு, தாய் சேய் நலம், உணவுக் கலப்படம் என எல்லாம் அதில் உண்டு. திருவிழாக் கூட்டத்துக்கு என்றே தனி அத்தியாயம் உண்டு. ஒரு பிரிவு நகராட்சிகளைப் பார்த்துச் சொல்கிறது: உங்கள் வருமானத்தில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் பொது சுகாதாரத்துக்கு ஒதுக்குங்கள். நோய் வராமல் காப்பது அரசின் கருணையன்று, கணக்கில் எழுத வேண்டிய கடமை என்று ஒரு சட்டப் புத்தகம் சொன்ன இடம் இது.

1946 அறிக்கைக்கு வருவோம். அது காட்டிய இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு மருத்துவர், 43,000 பேருக்கு ஒரு செவிலியர். ஆயிரம் பேருக்கு மருத்துவமனைப் படுக்கை 0.24, ஒன்றில் கால்கூட இல்லை. நடக்கும் சாவுகளில் ஏறக்குறைய பாதி பத்து வயதுக்குள். இதற்கு அது வைத்த மருந்து இரண்டு கட்டம். உடனடியாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். நீண்ட காலத்தில் 10,000 முதல் 20,000 பேருக்கு 75 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை. சிகிச்சையையும் தடுப்பையும் ஒரே கூரையின் கீழ் சேர்க்க வேண்டும் என்றது. பெரும்பான்மை மக்கள் காப்பீட்டுக்கான சிறு தொகையைக்கூடக் கட்ட முடியாத நிலையில் இருக்கிறார்கள், ஆகவே அவர்களுக்கு இலவசமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றும் தெளிவாக எழுதியது.

இதே காலத்தில் டெல்லியின் வேறொரு துறையில் வேறொரு அறிக்கை தயாராகிக்கொண்டிருந்தது. பேராசிரியர் பி.பி. அடர்க்கர், ஆலைத் தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடு பற்றி 1944 ஆகஸ்டில் கொடுத்தது. முதலாளி ஒரு பங்கு, தொழிலாளி ஒரு பங்கு. அதிலிருந்து வந்தது 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம், அதாவது இ.எஸ்.ஐ. சட்டம். மின்சாரத்தில் ஓடும், 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆலைகள். மாதம் 400 ரூபாய்க்கு மேற்படாத சம்பளம். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டுக்குள் முதலில் நுழைந்தது 1955 ஜனவரி 23, கோயம்புத்தூரில். அதே ஆண்டு நவம்பரில் சென்னை நகரம். தொடக்கத்தில் தொழிலாளிக்கு மட்டுமே சிகிச்சை. அவருடைய மனைவி, பிள்ளைகள் பிற்பாடுதான் சேர்க்கப்பட்டார்கள்.

என் தேடல் திசை மாறியது இங்கேதான். எல்லோருக்கும் மருத்துவம் என்ற ஒரே கேள்விக்கான தாள்கள் மூன்றாவதாகத் தொழிலாளர் துறையின் வரிசைக்கும் போய்விட்டன. இன்றும் தமிழ்நாட்டின் இ.எஸ்.ஐ. மருந்தகங்கள் சுகாதாரத் துறையின் கீழ் இல்லை, தொழிலாளர் நலத் துறையின் கீழ்தான் இருக்கின்றன.

கோயம்புத்தூரில் இ.எஸ்.ஐ. தொடங்கிய அதே 1955 ஜனவரியில், பூந்தமல்லிக்கு வடக்கே ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்த திடல், தலைவர் யு.என். தேபர், மேடையில் நேரு, மாநிலத்தின் முதலமைச்சராகக் காமராஜர். சோஷலிச மாதிரிச் சமுதாயம் என்ற புகழ்பெற்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. தீர்மானத்தின் முக்கிய வாசகம் முக்கிய உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்கிறது, உற்பத்தி பெருக வேண்டும் என்கிறது, தேசத்தின் செல்வம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்கிறது. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் வந்த போர் அறிக்கையின் சாயலை அந்த வாசகத்தில் தேடினேன். மருத்துவம் அதில் பேசப்படவில்லை. தொழிற்சாலை வந்துவிட்டால் மற்றது பின்னால் வரும் என்ற நம்பிக்கை அந்த வரிகளுக்குள் ஓடுகிறது. அந்த நம்பிக்கையின் விலையை இந்தப் புறநகர் கொடுத்தது என்பது என் கருத்து.

தொழிற்சாலைகள் வரத்தான் செய்தன. அம்பத்தூரில் 1949இலேயே டி.ஐ. சைக்கிள்ஸ் இருந்தது, 1960களில் தொழிற்பேட்டை எழுந்தது, 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. ஒவ்வொன்றோடும் ஒரு மருத்துவ ஏற்பாடும் வந்தது. முருகப்பா குழுமத்தின் அறக்கட்டளை 1966இல் அம்பத்தூரில் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனையைத் திறந்தது. டாங்கி செய்யும் அந்த ஆவடித் தொழிற்சாலைக்குத் தனி மருத்துவமனை. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1954இல் டெல்லியில் தொடங்கிய திட்டம் 1975இல் சென்னைக்கு வந்தது. பேட்டையில் லேத் பிடிக்கிறவருக்கு இ.எஸ்.ஐ. எதுவும் இல்லாத கூலிக்காரருக்கும் விவசாயிக்கும் ஆரம்ப சுகாதார நிலையம். ஒரே பேருந்துத் தடத்தில் இறங்கி ஏறினால் ஐந்து மருத்துவ முறைகளைக் கடந்துவிடலாம். ஐந்துக்கும் ஐந்து நிர்வாகம், ஐந்து சீட்டு, ஐந்து பதிவேடு.

இதை முதலில் நேருக்கு நேர் பார்த்தவர்களில் ஒருவர், 1946இல் கையெழுத்துப் போட்ட இலட்சுமணசாமி முதலியாரே. 1959இல் அமைந்த சுகாதார ஆய்வுக் குழுவுக்கு அவரே தலைவர். 1961இல் வந்த அறிக்கையில், ஊர் ஊராகத் திறந்த ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஆள் இல்லாமலும் வசதி இல்லாமலும் கிடக்கின்றன, புதிதாகத் திறப்பதற்கு முன் இருப்பவற்றைச் சரிசெய்யுங்கள், ஒன்றின் தலையில் 40,000 பேருக்கு மேல் ஏற்றாதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. பதினைந்து வருடம் கழித்தும் அதே 40,000. அந்த இரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

தமிழ்நாடு தனக்கென்று ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டது. போர் குழு மருத்துவம், பொது சுகாதாரம் என்ற இரண்டு துறைகளையும் ஒன்றாக்கச் சொன்னது. இங்கே பொது சுகாதார இயக்ககம் தனியாகவே நின்றது. மற்ற பல மாநிலங்களில் இணைந்தபோது, மருத்துவமனைகளின் பசிக்கு முன்னால் தடுப்புப் பணி மெலிந்தது. உலக வங்கிக்காக மோனிகா தாஸ் குப்தாவும் உடன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டை ஆராய்ந்தபோது, அதன் வலிமைக்குக் காரணமாகச் சுட்டியவற்றில் முக்கியமானவை இந்தத் தனி இயக்ககமும், பயிற்சி பெற்ற பொது சுகாதார அதிகாரிகளும், 1939 சட்டமும். ஆரம்ப சுகாதார நிலையங்கள் அந்த இயக்ககத்தின் கையில் இருப்பதால்தான், தடுப்பூசியும் பிரசவமும் காய்ச்சல் மாத்திரையும் ஒரே வாசலில் கிடைக்கின்றன. எனவே எழும்பூரில் என்னை அலையவைத்த அந்த இரட்டை வரிசையை நான் குறை சொல்ல மாட்டேன். காயம் அங்கே இல்லை. தொழிலாளியைத் தனியாகவும், அரசு ஊழியரைத் தனியாகவும் பிரித்து எடுத்துப் போனதில்தான் இருக்கிறது. குரல் கொடுக்கத் தெரிந்தவர்கள், சங்கம் உள்ளவர்கள் எல்லோரும் வேறு வாசலுக்குப் போய்விட்டால், பொது வாசலுக்காகச் சண்டை போட யார் மிச்சம்?

இது பழங்கதை இல்லை. இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 2017 முதல் 21,000 ரூபாய். பேட்டையில் 20,800 வாங்குகிறவருக்கு முதலாளி 500 ரூபாய் ஏற்றிக்கொடுத்தால் அவர் வரம்பைத் தாண்டுகிறார். ஏப்ரலில் தொடங்கும் அரையாண்டோ, அக்டோபரில் தொடங்கும் அரையாண்டோ முடியும்வரை சந்தா பிடிப்பார்கள், அந்தச் சந்தாவுக்கு உரிய பயன்காலம் முடியும்வரை அட்டை ஓடும். அதற்குப் பிறகு, பல வருடமாகச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கிய மருந்தகம் அவருக்கு அந்நியமாகிவிடும். அவருடைய பழைய சீட்டுகளில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் ஏறாது. அங்கே அவர் புது நோயாளி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கோ ஆண்டு வருமான வரம்பு வேறு. அதற்குள் அவர் வரமாட்டார். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையைக் கையிலெடுத்து வீட்டுக்கே வரும் பெண்களைப் பார்க்கும்போது, யூனிட்டின் அந்தப் பழைய பெண் பார்வையாளர் திரும்பி வந்துவிட்டார் என்று மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. அவர் கதவைத் தட்டும்போது அந்த வீட்டுக்காரர் எந்த அட்டைக்காரர் என்று கேட்பதில்லை. போர் குழு விரும்பியது இதைத்தான்.

ஊருக்கு எட்டிய தூரத்தில் இன்னும் ஓர் இழை இருக்கிறது. ஆவடியில் தொழுநோய் ஆராய்ச்சிக்கென்று ஒரு களப்பிரிவு இருந்தது; 1990களில் தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிடும் மாபெரும் சோதனையை நடத்தியது அதுதான். 1999இல் அது இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து, இன்று அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமாக இருக்கிறது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் அந்தத் தொழில் இந்தப் பக்கத்தை விட்டுப் போகவில்லை.

இனி நான் எடுக்கப்போவது உள்ளாட்சிகளின் வரவு செலவுப் புத்தகங்களை. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் போனது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. பூந்தமல்லி அப்போதும் நகராட்சியாகவே இருந்தது. 1939 சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ள சட்டம். அந்த 30 சதவீதப் பிரிவை ஒரு கையிலும், மூன்று ஊர்களின் பத்தாண்டுச் செலவுக் கணக்கை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கணக்கை யாரும் கேட்கலாம். அந்தந்த ஊரில் வரி கட்டுகிறவர்களும் கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.